கோபத்துக்குக் கதவு தெரிகிறது

நேயர்களுக்கு வணக்கம்.

வேலூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்ப நல ஆலோசகராக இருக்கிறேன். மனைவியை அடித்துவிட்டு என் முன்னால் வந்து உட்காரும் ஆண்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதுதான்: "கோபத்துல கை நீண்டுடுச்சு மேடம்." அடித்தேன் என்ற சொல் வாயில் வராது. கை தானாக நீண்டதாம்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஷூ கம்பெனியில் வேலை. "அன்னிக்குக் காலையிலிருந்து நடந்ததைச் சொல்லுங்க" என்றேன். மதியம் சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் திட்டியிருக்கிறார். கோபம் வந்ததா? வந்தது. கை நீண்டதா? "எப்படி மேடம், வேலை போயிடுமே." சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். "வந்ததும் என்ன செஞ்சீங்க?" "கதவைச் சாத்தினேன்." "அப்புறம்?" "டிவி சத்தத்தைக் கூட்டினேன்." "அப்புறம்?" தலையைக் குனிந்துகொண்டார்.

அன்றைக்கு மனைவியின் போன் சுக்குநூறானது. பக்கத்தில் சார்ஜில் கிடந்த அவருடைய போனில் ஒரு கீறல்கூட இல்லை. அடி விழுந்தது முதுகில், ரவிக்கை மறைக்கிற இடத்தில். கண்மண் தெரியாத கோபம் என்கிறோம். அந்தக் கோபத்துக்குக் கதவு தெரிந்திருக்கிறது, டிவி ரிமோட் தெரிந்திருக்கிறது, எந்தப் போன் யாருடையது என்பதும் தெரிந்திருக்கிறது.

நிமிஷம் நிமிஷமாகக் கேட்கும் இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. 1981-இல் அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் போலீஸ், நீதிமன்றம், பெண்கள் காப்பகம் எல்லாம் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கினார்கள். அடிபட்ட பெண்களை உட்காரவைத்துக் கேட்டபோது, அடி என்பது கடைசியில் வருவது, அதற்கு முன்னாலேயே ஒரு பெரிய கட்டுப்பாடு வீட்டுக்குள் நடக்கிறது என்று தெரிந்தது. சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, தாய்வீட்டுக்கு விடாதது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது. நம் ஊர்ப் பெண்கள் என்னிடம் சொல்வதும் வரிக்கு வரி இதேதான். ஆண்களை வாரா வாரம் குழுவாக உட்காரவைத்து இதையெல்லாம் பேசவைத்தார்கள். பல நாடுகள் அதைப் பின்பற்றின.

பலன் இருந்ததா? இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். 2004-இல் இப்படிப்பட்ட குழு வகுப்புகளைப் பற்றிய 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வகுப்புக்கு வந்தவர்கள் மறுபடி அடிப்பது சுமார் ஐந்து சதவீதம்தான் குறைந்திருந்தது. பலர் பாதியிலேயே வராமல் நின்றுவிடுகிறார்கள். "அவரை எட்டு வாரத்துல சரி பண்ணிடுவீங்களா?" என்று கேட்டு வரும் மாமியாருக்கும் மாமனாருக்கும் நான் பொய் சொல்ல முடியாது.

சரி, குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடுமே என்பீர்கள். குடிக்குப் பங்கு உண்டு, சந்தேகமே இல்லை. 1990-களின் இறுதியில் வேலூரும் சென்னையும் உட்பட நாட்டில் ஏழு இடங்களில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. நூற்றுக்கு 26 பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். கணவன் வழக்கமாகக் குடிப்பவனாக இருந்தால் அடிபடும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் 2017-இல் கோவாவிலிருந்து வந்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள். குடியால் பாதிக்கப்பட்ட ஆண்களுக்கு, டாக்டர் அல்லாத உள்ளூர் ஆலோசகர்கள் சில அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதம் கழித்து அவர்களில் 36 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான். மனைவியை அடிப்பதில் மட்டும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. குடிக்கு ஒரு வைத்தியம் வேண்டும், அடிக்கு இன்னொன்று வேண்டும். நம் பக்கத்தில் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறோம். குடியை விட்ட பிறகும் அடித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் ஆரம்ப காலத்தில் நான் செய்த ஒரு தவறை இங்கே சொல்லியாக வேண்டும். கணவன் மனைவி இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, "மனசுல இருக்கிறதைப் பேசும்மா" என்றேன். பீடி சுற்றும் பெண் அவர். விரல் நுனியெல்லாம் இலைக்கறை. வெகு நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் தைரியம் சொன்னதால் வாய் திறந்தார். பேசியதற்கான கூலி அன்று ராத்திரியே வீட்டில் கிடைத்தது. அடுத்த வாரம் தனியாக வந்து, "நீங்க கேட்டீங்கன்னுதான் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதிலிருந்து இருவரையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறேன். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி, நீதிபதி கணவனைத் தனியாகவே ஆலோசனைக்கு அனுப்பலாம். இருந்தும், "ரெண்டு பேரும் அனுசரிச்சுப் போங்க" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் நமக்குச் சுலபமாக இருக்கிறது. அடி வாங்குபவர் எதை அனுசரிப்பது?

வீட்டுக்கு வெளியே என்ன செய்யலாம் என்பதற்கு உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குச் சாசா என்று பெயர். அந்தந்தத் தெருவில் வாழும் ஆண்களும் பெண்களுமே அக்கம்பக்கத்தாரோடு வருஷக்கணக்கில் இதைப் பேசினார்கள். 2014-இல் வெளியான முடிவின்படி, கணவனிடம் அடி வாங்கியவர்கள் மற்றப் பகுதிகளைவிட அங்கே ஏறக்குறைய பாதிதான். நம் ஊர் டீக்கடையிலும், சலூனிலும், கம்பெனி கேட்டுக்கு வெளியேயும் ஆண்கள் ஆண்களிடம் இதைப் பேச வேண்டும். "பொண்டாட்டியை நாலு வை, சரியாயிடுவா" என்று ஒருவர் சொல்லும்போது, பக்கத்தில் இருப்பவர் சிரிக்காமல் இருந்தால்கூட அது பெரிய விஷயம்.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019-21-இன்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதும் பார்த்தால், வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் சொன்னதுமில்லை, உதவி தேடியதுமில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் சகோதரிகளே, 181 என்ற எண்ணுக்கு எந்நேரமும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது. அவர் மாறுவார் என்று காத்திருந்து உங்கள் உயிரைப் பணயம் வைக்காதீர்கள். முதலில் உங்கள் பாதுகாப்பு, அப்புறம்தான் அவருடைய சிகிச்சை.

அந்த ஷூ கம்பெனிக்காரர் பல மாதங்களாக வந்துகொண்டிருக்கிறார். "இப்பல்லாம் அடிக்கிறதே இல்ல மேடம்" என்கிறார். நான் அதை நோட்டில் எழுதுவதில்லை. அவர் மனைவியிடம் தனியாகக் கேட்டு, அவர் சொல்வதைத்தான் எழுதுகிறேன். போன முறை கேட்டபோது சொன்னார்: "கை வைக்கிறது இல்ல மேடம், நெஜம்தான். ஆனா வண்டிச் சத்தம் கேட்டா சின்னவன் இன்னும் எழுந்து உள்ள போயிடறான்."

அடுத்த மாதமும் அவர்கள் வருகிறார்கள். வணக்கம்.