ரோமில் ஒரு நாளைக்கு ஒரு டிக்கெட் போதும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறைக்கு ஐரோப்பா புறப்படும் குடும்பங்கள் இங்கே பல இருக்கின்றன. உங்கள் கையில் உள்ள பயணத் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். ரோம் நகருக்கு அதில் ஒன்றரை நாள் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் கொலோசியம், மதியம் வாடிகன், மாலையில் ட்ரெவி நீரூற்று, மறுநாள் அடுத்த ஊருக்கு பஸ். அதை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். ரோமில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் இடம் ஒரு நாளைக்கு ஒன்று போதும். மீதிப் பொழுதைக் காலாற நடப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக வேறொரு நகரத்தை விட்டுவிட நேர்ந்தாலும் பரவாயில்லை.

கொலோசியத்தை எடுத்துக்கொள்வோம். டிக்கெட்டில் பார்வையாளரின் பெயர் அச்சாகியிருக்கும். வாசலில் அடையாள ஆவணத்தோடு ஒத்துப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துப் பிசகாமல் பெயரைக் கொடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதில் நமக்கு எப்போதும் வரும் குழப்பம் அங்கே வந்துவிடக்கூடாது. அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். வாசலருகே கூவி விற்பவர்களிடம் போக வேண்டாம்.

அதே டிக்கெட்டில், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அதையொட்டிய பாலடைன் குன்றும் அடக்கம். வெளியே பஸ் காத்திருக்கிறது என்று பலர் அவற்றைப் பார்க்காமலே கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாதது இந்த இடத்தில்தான். ஃபோரத்தை ஒட்டி, பேரரசர் மாக்சென்டியஸ் தொடங்கி, அடுத்து வந்த கான்ஸ்டன்டைன் முடித்த பெருமண்டபத்தின் மூன்று பிரம்மாண்ட வளைவுகள் இன்றும் நிற்கின்றன. அந்த மண்டபம் எழுவதற்கு முன் அங்கே இருந்தவை பேரரசர் டொமிஷியன் காலத்து மிளகுக் கிடங்குகள். முசிறித் துறையில் கப்பலேறிய மிளகு கடல் கடந்து, செங்கடல் வழியாக எகிப்தை அடைந்து, அங்கிருந்து ரோமுக்குப் போனது. கரூரிலும் கோவை வட்டாரத்திலும் கிடைத்த ரோமானியக் காசுகளை நீங்கள் அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த வணிகத்தின் மறுமுனை இது. அங்கே கால் மணி நேரமாவது நிற்க வேண்டாமா?

இன்னொரு நாள், கொலோசியத்துக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் சான் கிளமென்டே தேவாலயத்துக்குப் போங்கள். மேலே இருப்பது 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். படியிறங்கினால் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். 1857 வரை அது மண்ணுக்குள் கிடந்தது. இன்னும் கீழே இறங்கினால் மித்ராஸ் என்ற தெய்வத்தை வழிபட்ட சிறிய கோயில், இருபுறமும் கல் திண்ணையோடு. அந்த ஆழத்தில் சுவருக்கு அப்பால் தண்ணீர் ஓடும் ஓசை கேட்கும். கீழ்த்தளங்களுக்குக் கட்டணம் உண்டு. கூட்டத்தோடு ஓடுகிறவர்களுக்கு இந்த இடம் வாய்ப்பதே இல்லை.

காசு கொடுக்காமல் பார்க்கக் கிடைப்பவையும் ஏராளம். மைக்கலாஞ்சலோவின் மோசே சிலை சான் பியெத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் இருக்கிறது. ஓவியர் காரவாஜியோ வரைந்த மூன்று புனித மத்தேயு ஓவியங்கள் சான் லூயிஜி தேவாலயத்தில். பல தேவாலயங்களை நண்பகலில் மூடி மாலையில்தான் திறப்பார்கள். அதற்கேற்ப நடையை வகுத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மறைந்திருக்க வேண்டும். சேலையும் வேட்டியும் அங்கே எந்தச் சிக்கலும் தராது. வாடிகன் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறன்று இலவசம் என்பார்கள். அன்று கூட்டம் நெருக்கித் தள்ளும். கட்டணம் செலுத்தி வார நாளில் போவதே நல்லது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இது சைவ உணவு உண்பவர்களுக்காக. ரோமின் பேர்பெற்ற பாஸ்தாக்களில் கார்பொனாராவிலும் அமத்ரிசியானாவிலும் பன்றிக் கன்ன இறைச்சி இருக்கும். காச்சோ எ பெபே என்பதில் பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டுமே. ஆனால் அந்த பெக்கொரினோ பாலாடைக்கட்டியை உறையவைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. அதையும் தவிர்க்கிறவர்கள் பாலாடைக்கட்டியே இல்லாத பீட்சா மரினாராவைக் கேளுங்கள்: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, ஆலிவ் எண்ணெய். காபியை மேடையருகே நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் அதைவிடக் கூடுதல். பில்லைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

தண்ணீர் பாட்டிலுக்குச் செலவு செய்யாதீர்கள். தெருவெங்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள் இரவும் பகலும் குடிநீரைக் கொட்டிக்கொண்டிருக்கின்றன. 1870-களில் வைக்கத் தொடங்கியவை. வளைந்த மூக்கின் மேற்புறத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். கீழ்வாயை விரலால் அடைத்தால் அந்தத் துளை வழியே நீர் மேலே பீச்சும், குனியாமல் குடிக்கலாம். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள்.

தாளில் அச்சிட்ட பஸ் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். ஸ்பானியப் படிக்கட்டுகள் என்று ரோமில் பேர்பெற்ற படி வரிசையில் உட்காரவும் 2019 முதல் தடை. வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பாதைகளெங்கும் சதுரக் கருங்கல் பாவியிருக்கிறார்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரும் சோதனை. மெத்தென்ற அடிப்பாகமுள்ள ஷூவை ஊரிலேயே வாங்கிப் பழக்கிவிடுங்கள்.

திருட்டு பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாடிகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் ஜேப்படி அதிகம். பையை முன்பக்கம் மாட்டுங்கள். பாஸ்போர்ட்டின் நகலைத் தனியாக வையுங்கள். இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது; திருட்டுக்கும் பணம் கிடைக்குமா என்று பாலிசியைப் புறப்படும் முன்பே படித்துப் பாருங்கள். ஏதேனும் களவு போனால், பொருள் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்தாலும், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து அதன் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனமும் இந்தியத் தூதரகமும் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.