தறிச் சத்தம்னு நெனச்சது

எல்லாருக்கும் வணக்கமுங்க. சோமனூர்ல ஒருத்தர் காது கேக்கலைன்னா, "தறி ஓட்டுறவருக்கு வேற என்ன வரும்?"னுதான் சொல்லுவாங்க. என்கிட்ட வந்த ஒரு தம்பிக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாங்க. வயசு முப்பதுகூட ஆகலை. தறிச் சத்தம் காதை வருசக்கணக்குல அரிக்குமுங்க. இவருக்கு ஒரே ராத்திரியில ரெண்டு காதும் அடைச்சுப் போச்சு.

வயித்துல கை வெச்சேன். இடது விலாவுக்குக் கீழ மண்ணீரல் தொப்புள் வரைக்கும் கல்லாட்டம் இறங்கியிருந்துச்சு. "ரெண்டு வாய் சோத்துலயே வயிறு நெறஞ்சிருதுங்க"ன்னார். ரத்தத்தைக் குழாய்ல நிறுத்தி வெச்சோம். அடியில சிவப்பு, அதுக்கு மேல மோராட்டம் தடிமனா ஒரு வெள்ளை அடுக்கு. பதினோராயிரத்துக்குள்ள இருக்க வேண்டிய வெள்ளையணு மூணு லட்சத்தைத் தாண்டியிருந்துச்சு. நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்று, அதாவது எலும்பு மஜ்ஜையில வெள்ளையணு கட்டுக்கடங்காமப் பெருகற நோய். அணுக்கள் நெருக்கியடிச்சு, உள்காதோட நுண்குழாய்ல ஓட்டம் தடைபட்டிருந்துச்சு.

இதே அடைப்பு கண்ணுல வந்தா பார்வை மங்கும். தாய்மாருங்க இருக்கற சபைதான், ஆனாலும் சொல்லியாகணும்: ஆணுறுப்புல வந்தா, விறைப்பு வலியோட தணியாமயே நிக்கும். நாலு மணி நேரம் தாண்டுச்சுன்னா அவசரமுங்க. வெக்கப்பட்டு, விடியட்டும்னு படுத்துக் கெடக்கற பசங்களை நெனச்சா எனக்கு நெஞ்சு பதறுது. உறுப்பு நிரந்தரமா செயலிழந்து போகலாம். அதுக்கு வைத்தியம் பாக்கறப்பவே ரத்த அணு எண்ணிக்கையும் பாத்துருங்கன்னு கேளுங்க.

அந்தத் தம்பிக்கு மெஷின் வெச்சு வெள்ளையணுவைப் பிரிச்சு எடுத்தோம். வெள்ளையணுவைக் கொறைக்கற ஹைட்ராக்ஸியூரியா மருந்து குடுத்தோம். "ரத்தம் கம்மியா இருக்குதுங்களே, ஒரு பாட்டில் ஏத்துங்க"ன்னு அவங்கப்பா கெஞ்சினார். அவசரப்பட்டு ஏத்துனா ரத்தம் இன்னும் கெட்டியாகும், பொறுங்கன்னேன்.

அப்பறம் இமாட்டினிப், தினம் 400 மில்லிகிராம், சோறு தின்னுட்டு ஒரு சொம்பு தண்ணியோட. ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரெண்டாவதும் துண்டு மாத்திக்கறதால வர்ற நோய் இது. அப்படிக் குட்டையாகிப் போன குரோமோசோமை 1960-ல பிலடெல்பியாவில கண்டாங்க. அதோட வேலையை நிறுத்தற இந்த மாத்திரைக்கு அமெரிக்காவில அனுமதி கெடச்சது 2001-ல. 2013 ஏப்ரல் 1-ல நம்ம உச்ச நீதிமன்றம் இதுக்குக் காப்புரிமை மறுத்துச்சு. அதனால நம்ம கம்பெனிகளோட வெலை கொறஞ்ச மாத்திரை தடையில்லாம நம்ம கைக்கு வந்துச்சு. இதை நெனச்சு நான் கும்புடாத நாளில்லைங்க.

எண்ணிக்கை சரியாச்சு, மண்ணீரல் சுருங்குச்சு. எடது காது பாதி திரும்புச்சு, வலது திரும்பவே இல்ல. மூணு மாசத்துக்கொருக்கா டெஸ்டுக்கு வர்றார். "நல்லாத்தானுங்க இருக்கறேன், மாத்திரையை நிறுத்திரலாமுங்களா?"ம்பார். நானாச் சொல்ற வரைக்கும் ஒரு நாளும் விடாதீங்க தம்பின்னு அந்த எடது காதுப் பக்கமாக் குனிஞ்சு சத்தமாச் சொல்லி அனுப்பறேன்.