போடியில் நீக்கிய ஆள் புத்தடியில் எப்படி லாகின் ஆகிறார்?

[திரையில்: வரைபடம். இந்தப் பக்கம் போடிநாயக்கனூர், மலைக்கு அந்தப் பக்கம் புத்தடி. இரண்டிலும் ஒவ்வொரு சர்வர்]

வணக்கம். ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஸ்பைசஸ் போர்டின் மின் ஏல மையம் தேனி மாவட்டத்துப் போடியிலும் இருக்கிறது, இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் இருக்கிறது. அதனால் இரண்டு ஊரிலும் அலுவலகம். யார் யார் ஊழியர்கள், அவர்களின் பாஸ்வேர்ட், எந்த ஃபைலை யார் திறக்கலாம் என்பதெல்லாம் எல்டாப் டைரக்டரி ஒன்றில், அதாவது லாகின் செய்யும்போது கம்ப்யூட்டர்கள் கேட்டுப் பார்க்கும் பொதுப் பட்டியலில் இருக்கிறது.

போடியில் மட்டும் சர்வர் வைத்தால் போதாதா? தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்தால் புத்தடியில் ஒருவரும் லாகின் ஆக முடியாது. ஏலம் ஓடும் நேரத்தில் அப்படி ஆனால் முதலாளி என்ன பேசுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இரண்டு சர்வர், ஒரே பட்டியலுக்கு இரண்டு பிரதி. தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

எல்டாப் டைரக்டரியை நடத்தும் மென்பொருளான ஓப்பன் எல்டாப்பில் முன்பு ஸ்லர்ப்டி என்ற புரோகிராம் இந்த வேலையைப் பார்த்தது. முதன்மை சர்வரில் நடந்த மாற்றங்களை மறுபக்கம் தள்ளிவிடும். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் இரண்டு பிரதியும் விலகிவிடும். கையால்தான் சரிசெய்ய வேண்டும். 2.4 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். இப்போது இருப்பது சிங்க்ரெப்ல். இதில் பிரதி வைத்திருக்கும் சர்வரே போய்க் கேட்கிறது: "நான் இதுவரை பார்த்துவிட்டேன், அதற்கு அப்புறம் என்ன?" இந்தப் பேச்சுக்கான விதிமுறை 2006இல் ஆர்.எஃப்.சி. 4533 என்ற இணைய விதிமுறை ஆவணமாக வெளியானது.

[திரையில்: 20250714043012 என்ற எண், பெரிதாக]

"இதுவரை" என்பதை எப்படிச் சொல்கிறது? ஒவ்வொரு மாற்றத்துக்கும் சி.எஸ்.என். என்று ஒரு முத்திரை உண்டு. அதன் தொடக்கம்தான் திரையில் இருப்பது. 2025 ஜூலை 14, 04 மணி 30 நிமிடம் 12 நொடி. இது உலகப் பொது நேரம். நம் கடிகாரத்தில் காலை 10 மணி தாண்டி 12 நொடி. இதற்குப் பின்னால் நொடியின் பின்னம், அப்புறம் மாற்றம் எந்த சர்வரில் நடந்தது என்று சொல்லும் சர்வர் எண். சர்வர் எண்ணில் கவனம் வேண்டும். போடி மெஷினை அப்படியே குளோன் செய்து புத்தடிக்கு ஏற்றினால் இரண்டுக்கும் ஒரே எண் ஆகிவிடும். யார் செய்த மாற்றம் என்று இரண்டுக்குமே புரியாது.

கேட்பதில் இரண்டு வழி. ஒன்று, குறித்த இடைவெளியில் வந்து கேட்டுப் போவது. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் இடைவெளி ஒரு நாள்! இன்று சேர்ந்த கணக்குப்பிள்ளை புத்தடியில் லாகின் ஆக நாளை வரை காத்திருக்கலாம். இன்னொன்று, இணைப்பை விடாமல் பிடித்துக்கொண்டு மாற்றம் நடந்தவுடன் வாங்கிக்கொள்வது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான். ஆனால் லைன் அறுந்தால் எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்ப முயல வேண்டும் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

சரி, தலைப்புக்கு வருவோம். புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றிச் சொல்வது சுலபம், அவருடைய பதிவு கையில் இருக்கிறது. நீக்கப்பட்டவருக்குத்தான் பதிவே இல்லையே, இல்லாததை எப்படி அனுப்புவது? புத்தடி லைன் இரண்டு நாள் செத்துக் கிடந்தபோது போடியில் ஒருவரை நீக்கினார்கள் என்று வையுங்கள். லைன் வந்ததும் போடி சர்வர், மாறாமல் இருக்கும் எல்லாப் பதிவுகளின் அடையாள எண்களையும் வரிசையாகச் சொல்கிறது. தோட்டத்தில் கங்காணி காலையில் பெயர் வாசிப்பது போலத்தான். வாசிக்கப்படாத பெயர்களைப் புத்தடி அடித்துவிடும். ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தால் இது நீளும் என்பதால், அண்மையில் நடந்தவற்றை நினைவில் வைக்க செஷன் லாக் என்ற வசதி இருக்கிறது. எப்படியானாலும் லைன் வரும் வரை அந்த ஆள் புத்தடியில் ஜம்மென்று லாகின் ஆவார். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் என்றால் மலைமேல் இருப்பவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

மைக்ரோசாஃப்டின் டைரக்டரியான ஆக்டிவ் டைரக்டரியில் வேறு முறை. நீக்கிய பதிவு உடனே மறையாது. டூம்ப்ஸ்டோன் என்ற அடையாளத்தோடு கிடக்கும். அப்படிக் கிடக்க இப்போது வழக்கமான கெடு 180 நாள், பழைய அமைப்புகளில் 60. அதற்கு மேல் அணைந்து கிடந்த சர்வரை உயிர்ப்பித்தால், நீக்கியதை அதனிடம் சொல்ல எதுவும் மிச்சமிருக்காது. அதைத் துடைத்துவிட்டுப் புதிதாக அமைப்பதே மேல்.

இரண்டு ஊரிலும் எழுதலாம் என்று அனுமதித்தால் கடிகாரம் நீதிபதி ஆகிவிடுகிறது. ஒரே பதிவை இருவரும் திருத்தினால் ஓப்பன் எல்டாப்பில் பிந்தைய நேரம் ஜெயிக்கும். புத்தடி சர்வரின் கடிகாரம் தவறி நாளைய தேதியைக் காட்டினால், அங்கே தொட்ட பதிவில் போடி இன்று செய்யும் திருத்தம் 'பழசு' என்று ஒதுக்கப்படும். நெட்வொர்க் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் என்.டி.பி. மூலம் நேரத்தைச் சரியாக வைப்பது முதல் வேலை. ஆக்டிவ் டைரக்டரி கொஞ்சம் சூட்டிகை: எத்தனை முறை மாற்றப்பட்டது என்பதை முதலில் பார்க்கும், அது சமமானால்தான் நேரம்.

[திரையில்: இரண்டு டெர்மினல், பக்கத்துப் பக்கத்தில்]

சிங்க் ஆகிறதா என்று பார்க்க, இரண்டு சர்வரிலும் கான்டெக்ஸ்ட் சி.எஸ்.என். மதிப்பை, அதாவது அந்த சர்வர் கடைசியாகப் பார்த்த மாற்றத்தின் முத்திரையை எடுத்து ஒப்பிடுங்கள். ஒன்றானால் இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன. அதோடு ஒரு சோதனைப் பயனரைச் சேர்த்து, கேபிளைப் பிடுங்கி, போடியில் நீக்கி, திரும்ப மாட்டிப் பாருங்கள். பலர் சேர்ப்பதை மட்டும் சோதித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

இரண்டு பிரதி இருக்கிறதே என்று பேக்கப்பை விட்டுவிட வேண்டாம். போடியில் தவறிப்போய் ஒரு பிரிவையே அழித்தால், சிங்க் ஒழுங்காக இருக்கும் பட்சத்தில் புத்தடியிலும் சில நொடியில் காலி. டைரக்டரி முழுவதையும் ஃபைலாக எடுத்துத் தரும் ஸ்லாப்கேட் கட்டளையை இரவில் தானாக ஓடும்படி போட்டு, வரும் ஃபைலை இந்த இரண்டு சர்வரும் அல்லாத இன்னொரு இடத்தில் வையுங்கள்.