ஊர்ப்பெயர் இல்லாத கிளப்

அனைவருக்கும் வணக்கம்.

கால்பந்து பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது, அமைப்பாளர்கள் மனதில் பார்சிலோனாவோ மான்செஸ்டரோ இருந்திருக்கும். நான் "சப்ரிசா" என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவாக, "அது ஏதாவது மருந்துப் பெயரா சார்?" என்று கேட்டார்கள். மருந்து இல்லை. மத்திய அமெரிக்காவில் கோஸ்டா ரிகா என்றொரு சின்ன நாடு இருக்கிறது. ஜனத்தொகை ஐம்பது லட்சத்தை ஒட்டி. அந்த நாட்டின் தலைநகரான சான் ஹோசேயின் கிளப் அது. முழுப்பெயர் தெபோர்த்திவோ சப்ரிசா.

நீங்கள் சான் ஹோசேக்கு விமான டிக்கெட் எடுத்தால், டிக்கெட்டில் சான் ஹோசே என்றுதான் இருக்கும். ஆனால் இறங்குவது சான் ஹோசேயில் இல்லை. இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அலஹுவேலாவில். விமான நிலையத்துக்கு வைத்திருக்கும் பெயரும் அலஹுவேலாக்காரர் பெயர்தான். ஹுவான் சாந்தமரியா, 1856 போரில் உயிர்விட்ட முரசு கொட்டும் இளைஞர், நாட்டின் மாவீரர். சான் ஹோசேக்காரர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், வெளிநாடு போக வேண்டுமென்றால் அலஹுவேலா மண்ணை மிதித்துத்தான் போயாக வேண்டும். சப்ரிசாவின் பரம வைரியான கிளப்பின் ஊரும் அந்த அலஹுவேலாதான். இன்றைய பேச்சு முழுக்க இந்த இருபது கிலோமீட்டருக்குள்தான்.

நாட்டின் நடுவில் மலைகள் சூழ்ந்த ஒரு மேட்டுச் சமவெளி. காப்பி விளையும் பூமி. அதில் நான்கு ஊர்கள்: கர்த்தாகோ, சான் ஹோசே, எரேதியா, அலஹுவேலா. ஸ்பெயின் ஆட்சி முழுக்கக் கர்த்தாகோதான் தலைநகர். 1823இல் ஒச்சோமோகோ என்ற இடத்தில் சண்டை நடந்து, தலைமை சான் ஹோசேயின் கைக்குப் போனது. மற்றவர்களுக்குப் பொறுக்குமா? 1834இல் ஒரு சட்டம் போட்டார்கள். தலைநகர் நான்கு ஊரிலும் முறை வைத்து மாறி மாறி இருக்கும், ஒவ்வொரு ஊருக்கும் நான்கு ஆண்டு. கோயில் திருவிழாவில் மண்டகப்படி முறை வைப்பதுபோல, தலைநகருக்கே முறை! மறு ஆண்டே பிராவ்லியோ கரீயோ என்ற ஆட்சித் தலைவர் அந்தச் சட்டத்தை ரத்து செய்தார். மற்ற மூன்று ஊர்களும் கூட்டணி கட்டிச் சான் ஹோசேமேல் படையெடுத்தன. தோற்றன. அதற்கு 'லீகா போர்' என்று பெயர், அதாவது கூட்டணிப் போர். அலஹுவேலா கிளப்பை ரசிகர்கள் இன்றைக்கும் 'லா லீகா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பெயர் ஒற்றுமைதான், அதற்குமேல் நான் எதையும் தோண்டப் போவதில்லை.

இதற்கு நம் மொழியில் சரியான சொல் இருக்கிறது: பங்காளி. பகையாளி வேறு, பங்காளி வேறு. பகையாளி தொலைவில் இருப்பவன். பங்காளி பக்கத்து வீட்டில் இருப்பவன். ஒரே பாட்டன் சொத்து, ஒரே வரப்பு, ஒரே கிணறு. யாருக்கு எத்தனை மரம் என்ற கணக்கு மூன்று தலைமுறைக்கும் மனப்பாடமாக இருக்கும். இந்த நான்கு ஊர்களும் பங்காளிகள்.

கால்பந்து வந்தபோது இந்தக் கணக்கு அப்படியே மைதானத்துக்கு வந்தது. 1906இல் கர்த்தகினேஸ், 1919இல் அலஹுவெலென்சே, 1921இல் எரேதியானோ. பெயரைப் பாருங்கள். கர்த்தாகோக்காரன், அலஹுவேலாக்காரன், எரேதியாக்காரன் என்பதுதான் அர்த்தம். கிளப்பின் பெயரே ஊரின் பெயர். சான் ஹோசேயிலும் லா லிபர்த்தாத், ஓரியோன் என்று நல்ல பழைய கிளப்புகள் இருந்தன. அவை மெல்ல மங்கிப்போயின. அந்த இடத்தைப் பிடித்தது கடைசியாகப் பிறந்த பிள்ளை. அதற்கு ஊர்ப்பெயர் இல்லை, ஒரு மனிதரின் பெயர்தான் உண்டு. அந்த மனிதரும் அந்த ஊரில் பிறந்தவர் இல்லை.

1935 ஜூலை 16. சான் ஹோசேயின் ஒரு பேட்டையில் ரொபேர்த்தோ பெர்னாந்தஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, தெருப் பையன்களைச் சேர்த்து ஒரு டீம் ஆரம்பித்தார். ஊரில் அவரை பேத்தோ என்பார்கள். பையன்கள் இருந்தார்கள், ஆடும் ஆசையும் இருந்தது, சட்டை வாங்கக் காசு இல்லை. யாரிடம் போவது? நெசவுத் தொழில் நடத்திக்கொண்டிருந்த ரிகார்தோ சப்ரிசாவிடம் போனார்.

இந்த சப்ரிசா யார்? 1901இல் எல் சால்வடோரில் பிறந்தவர். வளர்ந்தது ஸ்பெயினின் பார்சிலோனா நகரில். அங்கே எஸ்பன்யோல் கிளப்பின் தற்காப்பு ஆட்டக்காரர். அந்த கிளப் 1929இல் ஸ்பெயினின் அரசர் கோப்பையை வென்ற காலத்தவர். அதோடு விட்டாரா? 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்பெயினுக்காக டென்னிஸும் ஆடியிருக்கிறார்! அப்படிப்பட்டவரிடம் தெருப் பையன்களுக்குச் சட்டை கேட்டுப் போனார் ஒரு செருப்புத் தொழிலாளி. அவர் கொடுத்தார். டீமுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். சட்டை நிறம் நாவற்பழ ஊதா. சிவப்பும் நீலமும் கலந்து இந்த நிறம் வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வதால் நான் அதில் தலையிடவில்லை.

இங்கே ஒரு வேடிக்கை. அலஹுவெலென்சேயின் மைதானத்துக்கும் ஒரு மனிதரின் பெயர்தான்: அலெஹாந்திரோ மொரேரா சோத்தோ. 'பந்து மந்திரவாதி' என்று பட்டம். 1930களில் கடல் கடந்து போய் ஸ்பெயினில் ஆடியவர். எந்த கிளப்பில்? பார்சிலோனாவில். சப்ரிசா ஆடியது எஸ்பன்யோல், இவர் ஆடியது பார்சிலோனா. ஒரே நகரத்தின் இரண்டு பங்காளி கிளப்புகள். அங்கிருந்து எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்த இருவர் பெயரில் இரண்டு மைதானங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. கதையாக எழுதியிருந்தால், ரொம்பத்தான் ஜோடித்திருக்கிறார் என்று சொல்லியிருப்பீர்கள்.

சரி, மேலே போவோம். 1948இல் கோஸ்டா ரிகாவில் ஓர் உள்நாட்டுப் போர் நடந்தது. அது முடிந்து, அந்த டிசம்பர் 1ஆம் தேதி நாட்டின் ராணுவத்தையே கலைத்துவிட்டார்கள். இன்றுவரை அங்கே ராணுவம் இல்லை. அடுத்த ஆண்டு, 1949இல், கீழ்ப் பிரிவுகளில் ஜெயித்து ஜெயித்து ஏறிவந்த சப்ரிசா முதல் டிவிஷனுக்குள் நுழைந்தது. ராணுவம் போனதால் கால்பந்து வந்தது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள், கால்பந்து அங்கே அதற்கு முன்பே வெறியாக இருந்தது. 1952இல் சப்ரிசாவுக்கு முதல் பட்டம். 1959இல் டீமே பெட்டி கட்டிக்கொண்டு உலகத்தைச் சுற்றிப் பல நாடுகளில் ஆடிவிட்டு வந்தது. விமானப் பயணமே அபூர்வமாக இருந்த காலத்தில் ஒரு மத்திய அமெரிக்க கிளப் செய்த காரியம் இது.

1972இல் சான் ஹோசேக்கு வடக்கே திபாஸில் சொந்த மைதானம் திறந்தார்கள். அந்த ஆண்டு தொடங்கி 1977 வரை தொடர்ந்து ஆறு பட்டங்கள். ஆறு வருஷம் மற்ற ஊர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

மைதானத்துக்கு ரசிகர்கள் வைத்த பெயர் 'லா குவேவா', குகை. டீமுக்குப் பட்டப்பெயர் 'ஊதா அரக்கன்', அரக்கன் இருக்கும் இடம் குகை. பார்வையாளர் வரிசைகள் ஆடுகளத்தின்மேல் கவிழ்ந்த மாதிரி செங்குத்தாக, பக்கத்தில் இருக்கும். கார்னர் அடிக்கப் போகிற எதிரணி ஆட்டக்காரருக்குத் தன் பரம்பரையைப் பற்றிக் கூட்டம் சொல்வது ஒரு வார்த்தை விடாமல் காதில் விழும். பல ஆண்டுகள் தேசிய அணியும் அங்கேதான் ஆடியது. அமெரிக்கா அந்தக் குகையில் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் ஒன்றைக்கூட வென்றதில்லை. 2011இல் புதிய தேசிய மைதானம் வந்தபிறகுதான் தேசிய அணி இடம் மாறியது.

அதுவரை அலஹுவேலா ரசிகர் ஒருவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நாடு உலகக் கோப்பைக்குப் போக வேண்டும். அதற்காகக் கத்த வேண்டும். கத்துவதற்கு எங்கே உட்கார வேண்டும்? சப்ரிசாவின் குகையில்.

ஊர்ப்பெயர் இல்லாதது குறை என்று தோன்றலாம். எனக்கென்னவோ அதுதான் இந்த கிளப்பின் பலம் என்று படுகிறது. எரேதியாவில் பிறந்தவன் எரேதியானோ ரசிகன், அதில் கேள்வி இல்லை. ஆனால் இந்த நான்கு ஊரிலும் பிறக்காதவன் என்ன செய்வான்? கடற்கரைத் துறைமுகத்திலும் வாழைத் தோட்டத்திலும் இருப்பவன், தெற்கு மலைக்கு அப்பால் இருப்பவன்? அலஹுவேலாக்காரன் என்ற பெயருக்குள் அவன் நுழையும்போது கொஞ்சம் இடிக்கும். சப்ரிசா என்பதில் இடிக்காது. அது யார் ஊரும் இல்லை. நாடு முழுக்க ஊதாச் சட்டை பரவியதற்கு, ஜெயித்த பட்டங்களோடு இதுவும் காரணம் என்பது என் கணிப்பு. ரியல் மாட்ரிட் வரை போன கோல்கீப்பர் கேய்லர் நவாஸ் இந்தச் சமவெளிக்காரர் இல்லை. தெற்கே பெரேஸ் செலெதோனில் பிறந்தவர், சப்ரிசாவில் வளர்ந்தவர்.

அலஹுவேலாவில் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். "எல்லாம் தலைநகரத் திமிர். எங்களுக்கு ஊர் இருக்கிறது, அவர்களுக்கு விளம்பரம் இருக்கிறது" என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

கர்த்தகினேஸ் பற்றி இரண்டு வார்த்தை. அவர்களை விட்டுவிட்டால் பாவம். 1940இல் பட்டம் வென்றார்கள். வென்ற மகிழ்ச்சியில் குதிரையோடு தேவமாதா கோயிலுக்குள் போய்விட்டார்கள், பாதிரியார் சபித்துவிட்டார் என்று ஊரில் ஒரு கதை. மைதானத்துக்கு அடியில் யாரோ செய்வினைப் பொம்மை புதைத்ததாக இன்னொரு கதை. கதை எதுவானாலும், அடுத்த பட்டம் வர 2022 ஆகிவிட்டது. 81 ஆண்டு தாண்டி! இறுதி ஆட்டத்தில் அவர்கள் தோற்கடித்தது யாரை? அலஹுவெலென்சேயை. அன்று திபாஸிலும் சிலர் பட்டாசு வெடித்திருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது 2004. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. அதற்கு முந்தைய ஆண்டுதான் மெக்சிகோ தொழிலதிபர் ஹோர்ஹே வெர்காரா சப்ரிசாவை விலைக்கு வாங்கியிருந்தார். வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளின் சாம்பியன் கோப்பை நடக்கிறது. மெக்சிகோவின் பணக்கார கிளப்புகளெல்லாம் இருக்கும் போட்டி. இறுதி ஆட்டத்துக்கு வந்த இரண்டு டீம்கள் எவை தெரியுமா? சப்ரிசா, அலஹுவெலென்சே. ஒரு கண்டத்தின் கோப்பைக்கு, இருபது கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்கள். முதல் ஆட்டம் 1-1. இரண்டாவது ஆட்டத்தில் அலஹுவெலென்சே 4-0. நான்கு கோல்! தோற்பது ஒரு வலி. உலகமே பார்க்கப் பங்காளியிடம் நான்கு வாங்குவது வேறு வலி.

அதே பருவத்தில் உள்நாட்டுப் பட்டம் சப்ரிசாவுக்கு. மறு ஆண்டு அப்படியே தலைகீழ். உள்நாட்டுப் பட்டம் அலஹுவெலென்சேக்கு, கண்டக் கோப்பை சப்ரிசாவுக்கு. மெக்சிகோவின் பூமாஸை 2-0 என்று சான் ஹோசேயில் வென்று, மெக்சிகோவில் 1-2 என்று தோற்று, மொத்தக் கணக்கில் 3-2. யாரும் முழுதாகச் சிரிக்க முடியாது, யாரும் முழுதாக அழவும் முடியாது. பங்காளிகளுக்கு இதைவிட நல்ல தண்டனை உண்டா?

அந்தக் கோப்பை சப்ரிசாவை 2005 டிசம்பரில் ஜப்பானுக்கு அனுப்பியது, உலக கிளப் போட்டிக்கு. பயிற்சியாளர் எர்னான் மெத்ஃபோர்த். 1990 உலகக் கோப்பையில் ஸ்வீடனுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றி கோல் அடித்தவர். முதலில் சிட்னியை 1-0 என்று வென்றார்கள், கிறிஸ்தியன் பொலான்யோஸின் கோல். அடுத்து லிவர்பூல், அந்த ஆண்டின் ஐரோப்பிய சாம்பியன். 0-3. பீட்டர் கிரௌச் இரண்டு, ஸ்டீவன் ஜெரார்டு ஒன்று. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், சவூதியின் அல் இத்திஹாதுடன். அல்வாரோ சபோரியோ முதலில் கோல் அடித்தார். அப்புறம் இரண்டு வாங்கி 1-2 என்று பின்தங்கினார்கள். 85ஆவது நிமிடத்தில் ஒரு பெனால்ட்டி, சபோரியோவே அடித்தார், 2-2. கூடுதல் நேரத்துக்குப் போகும் என்று எல்லோரும் நினைத்தபோது, 89ஆவது நிமிடத்தில் ரொனால்த் கோமெஸ் ஒரு ஃப்ரீ கிக். 3-2. செருப்புத் தொழிலாளி ஆரம்பித்த தெரு டீம் உலகத்தில் மூன்றாவது. அந்தப் பெருமையைச் சுமந்துகொண்டு ஊர் திரும்ப, வேறு வழி? அலஹுவேலா விமான நிலையம்தான்.

2011இல் வெர்காரா கிளப்பை உள்நாட்டுக்காரர்களிடமே விற்றுவிட்டுப் போனார். அப்போது சப்ரிசாவுக்கு வறட்சிக் காலம். 2010க்குப் பிறகு பட்டமே இல்லை. அலஹுவெலென்சே ஒன்றன்பின் ஒன்றாக அள்ளிக்கொண்டு போய், 2013 கடைசியில் 29ஐத் தொட்டுவிட்டது. சப்ரிசாவும் 29. முப்பதை முதலில் தொடுவது யார்? 2014இல் இறுதி ஆட்டத்தில் இருவருமே எதிரெதிரே வந்து நின்றார்கள். சப்ரிசா வென்றது.

அதற்குப் பிறகு 29 என்பது கோஸ்டா ரிகாவில் வெறும் எண்ணாக இல்லை. அலஹுவெலென்சே எத்தனையோ முறை பக்கத்தில் வந்து வந்து நழுவவிட்டது. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, ஏழு வருஷம். 2020 டிசம்பரில்தான் எரேதியானோவை வென்று முப்பதைத் தொட்டார்கள். அது கொரோனா காலம், மைதானத்துக்குள் ரசிகர்களுக்கு அனுமதி இல்லை. ஏழு வருஷம் காத்திருந்த வெற்றி, காலி நாற்காலிகளுக்கு முன்னால்.

அதற்குள் சப்ரிசாவின் கணக்கு 35 ஆகியிருந்தது. அன்றைக்கு ராத்திரியே யாராவது ஒரு ஊதாச் சட்டைக்காரர் போன் போட்டு அதைச் சொல்லாமலா இருந்திருப்பார்?

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். அலஹுவேலா கட்சிக்காரர்கள் யாராவது இருந்தால், அவர்கள் முதலில் கேட்கலாம்.