விசிலைக் கழற்றிவைத்த பிறகு

வணக்கம் நேயர்களே. முப்பது வருடம் பாடசாலையில் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான். கழுத்தில் விசில், வாயில் "ஒன்று, இரண்டு, மூன்று". ஓய்வுபெற்றதும் தை சி பழகினேன். பழகினவன் சும்மா இருந்திருக்கலாம். அதைச் சொல்லிக்கொடுக்கவும் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை என்னைப் படுத்திய பாட்டைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தை சியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நம் திருகோணமலை டச்சுக்குடாக் கடற்கரையில் விடியற்காலையில் ஏழெட்டுப் பேர், இடுப்பளவு தண்ணீரில் நடப்பதுபோல மெதுவாகக் கைகால் அசைத்துக்கொண்டிருப்போமே, அதுதான். கோட்டைப் பக்கத்து மான்கள்கூட எங்களைக் கண்டு விலகுவதில்லை. ஒரு நாள் ஒரு பெரியவர் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இது சீனடியோ?" என்றார். அவர் கேட்டதில் பிழையில்லை. நம் கிழக்கில் சீனடி என்ற அடிமுறை உண்டு, பெயரிலேயே சீனம் இருக்கிறது. தை சியும் அடிமுறைதான். ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் கிராமத்தில் வளர்ந்தது. அங்கே கற்ற யாங் லூச்சான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோனார். நாங்கள் செய்வது, யாங் குடும்பத்து முறையிலிருந்து 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை சுருக்கித் தந்த 24 அசைவுகள். முழுதும் செய்ய ஐந்தாறு நிமிடம்.

ஐந்தாறு நிமிட விஷயம்தானே, ஒரு மாதத்தில் மாஸ்டராகிவிடலாம் என்று நினைத்தேன். இரவு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனேன். அங்கே ஆசிரியை என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை "டீச்சர்" என்பேன், அவர் என்னை "சேர்" என்பார். முதல் நாள் 24 அசைவையும் பிசகாமல் செய்து காட்டினேன். "நல்லம் சேர்" என்றார். "இனி நீங்கள் ஆட வேண்டாம். அந்த மூலையில் நிற்கிற அம்மாவைப் பாருங்கோ. பாரம் எந்தக் காலில் இருக்குது?"

எனக்குத் தெரியவில்லை. முப்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்தவனுக்குத் தெரியவில்லை! நான் பார்த்ததெல்லாம் கை நேராக இருக்கிறதா, வரிசை நேராக இருக்கிறதா என்பதுதான். அடுத்த மூன்று பயணமும் அவர் என்னை ஒரு கதிரையில் இருத்தி, மற்றவர்களின் பாதங்களை மட்டும் பார்க்க வைத்தார். கொழும்புவரை போய்க் கதிரையில் இருந்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்ல வெட்கமாக இருந்தது.

பாரம் என்றால் என்ன என்று எனக்கு உண்மையில் விளங்கியது இங்கேதான், உப்புவெளியில், கரைவலை இழுக்கும்போது. பார்க்கப் போனவனை, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியார் "மாஸ்டர், சும்மா நிக்காமல் ஒரு கை பிடியுங்கோ" என்றார். பிடித்தேன். பத்து நிமிடத்தில் மணலில் குந்திவிட்டேன். எனக்குப் பின்னால் எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், மூச்சுக்கூட வாங்காமல் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவருடைய காலைப் பார்த்தேன். கொழும்பில் பழகிய கண் அல்லவா! பின்கால் முதலில் போய் மணலில் ஊன்றுகிறது. அதற்குப் பிறகுதான் உடம்பு போகிறது. அதற்குள் முன்கால் பாரமில்லாத காலாகிவிடுகிறது, சும்மா தூக்கலாம். நானோ உடம்பைப் பின்னுக்கு எறிந்துவிட்டு, விழாமல் இருக்கக் காலைத் தேடிக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்டேன். "காலை வைச்சுப்போட்டு உடம்பைக் குடு தம்பி. உடம்பைக் குடுத்துப்போட்டுக் காலைத் தேடாதை" என்றார்.

தை சியில் ஆறாவது அசைவு குரங்கை விரட்டியபடி பின்வாங்குவது. (குரங்கு விரட்ட நம்மூர் ஆட்களுக்குப் பழக்க வேண்டியதில்லை, அது வேறு கதை.) அந்த அசைவில் எல்லோரும் தள்ளாடுவார்கள். காரணம் இரண்டு. கயிற்றில் நடப்பதுபோல ஒரே கோட்டில் காலைப் பின்வைப்பார்கள். தண்டவாளம்போல இரண்டு கோட்டில் வைக்க வேண்டும். இரண்டாவது, அந்தப் பெரியவர் சொன்னதுதான். இன்றைக்கும் என் வகுப்பில் அதையேதான் சொல்கிறேன்: காலை வை, பிறகு உடம்பைக் கொடு.

அப்புறம், முகம் பார்த்து நின்று கற்பிக்கும் சங்கடம். என் முதல் வகுப்பில் எதிரே நின்று "வலது கை" என்று சொல்லி வலதைத் தூக்கினேன். பாதிப் பேர் சொன்னதைச் செய்தார்கள், மீதிப் பேர் கண்டதைச் செய்தார்கள். இரண்டு அக்காமார் முட்டிக்கொண்டார்கள். எதிரே நின்றால் கண்ணாடிபோல இடதைத் தூக்கி "வலது" என்று சொல்லப் பழக வேண்டும். இது கைவர எனக்கு ஆறு மாதம் பிடித்தது. முதுகைக் காட்டி நின்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் பின்னால் யாருடைய முழங்கால் உள்ளே மடங்குகிறது என்று தெரியாது. முழங்கால் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். அது தவறினால் நோவுதான் மிச்சம்.

சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். ஆஸ்திரேலியாவில் பால் லாம் என்ற மருத்துவர் 1997-இல் மூட்டுவாதக்காரருக்காக, தை சியில் நிமிர்ந்த நிலையில் செய்யும் சுன் பாணியைத் தழுவி ஒரு முறை அமைத்தார். அதைக் கற்பிக்க இரண்டு நாள் பட்டறைகள் நடக்கின்றன. ஏற்கெனவே பழகியவருக்கு அது நல்லது. பழகாதவர் இரண்டு நாளில் வாங்கும் தாள், என்னைக் கேட்டால், எல் போர்ட் மாட்டிய வாகனம்தான்.

சரி, கலையகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் மிச்சம். மூச்சைப் பற்றித் தனியாகப் பேச ஒரு தாள் எழுதிவந்தேன், அது பையிலேயே இருக்கட்டும். ஒன்று மட்டும்: மூச்சை எண்ணாதீர்கள், அடக்காதீர்கள். டச்சுக்குடாவுக்கு வருகிறவர்கள் ஐந்தரைக்கு வாருங்கள். ஈர மணலில் நிற்போம், காய்ந்த மணல் கால் வாரும். விசில் கொண்டுவர மாட்டேன். வணக்கம்.