நுனி கிள்ளியது கீழ் மொட்டுக்கு எப்படித் தெரிகிறது? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “முருங்கைக் கன்று முக்கால் மீட்டர் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடச் சொல்கிறார்கள். கிள்ளினால் பக்கக் கிளை வருகிறது. சரி, நுனி போய்விட்டது என்று கீழே இருக்கிற மொட்டுக்கு யார் சொல்கிறார்கள்?” அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பாடப்புத்தகப் பதில், ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன். நுனியின் இளம் இலைகள் அதைத் தயாரித்துக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இறங்கும்வரை பக்க மொட்டுகள் அடங்கிக் கிடக்கும். 1933இல் திமான், ஸ்கூக் என்ற இரு தாவர ஆய்வாளர்கள் ஒரு மொச்சை வகைச் செடியின் நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்தார்கள். மொட்டுகள் எழவில்லை.

ஆனால் ஆக்சின் தண்டில் மணிக்கு ஏறத்தாழ 1 செ.மீ. தான் நகரும். பட்டாணிச் செடியின் நுனியை வெட்டினால், ஆக்சின் குறைந்த சேதி போய்ச் சேருவதற்கு முன்பே கீழ் மொட்டு வளரத் தொடங்கிவிடுகிறது! 2014இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் சர்க்கரை என்று காட்டினார்கள். நுனி இழுத்துக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனதும் மொட்டுகளுக்குப் பாய்கிறது. மொட்டுக்கு அது உணவு மட்டுமல்ல, சேதியும்தான்.

இதைவிட எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு. யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறேன், நானே சொல்லிவிடுகிறேன். நுனிக்குள் இருக்கும் செல்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கின்றன?

அரபிடாப்சிஸ் என்று கடுகுக் குடும்பத்துச் சிறு செடி, முந்தைய பேச்சுகளில் பார்த்திருப்பீர்கள். அதன் வளர்நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். உச்சியில் குருத்தணுக்கள், அதாவது எந்த உறுப்பாகவும் இன்னும் மாறாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள். அவை ஓயாமல் பிரிகின்றன, ஆனாலும் அவற்றின் கூட்டம் பெருத்துவிடுவதில்லை. எப்படி? அவற்றுக்குக் கீழே சில செல்கள் வுஷெல் என்ற புரதத்தைச் செய்கின்றன. செல்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியாக அது மேலே ஏறி, ‘குருத்தணுவாகவே இரு’ என்கிறது. குருத்தணுக்கள் கிளாவட்டா-3 என்ற சின்னப் பெப்டைடை (குட்டிப் புரதத் துண்டை) வெளியே விடுகின்றன. அது கீழே வந்து, ‘வுஷெலைக் குறை’ என்கிறது. குருத்தணு கூடினால் வுஷெல் குறையும், குறைந்தால் கூடும்.

நான் எப்போதும் சொல்வதுதான், இன்னொரு தடவையும் சொல்கிறேன்: தாவரச் செல் இடம் விட்டு நகராது, அது என்ன வேலை செய்ய வேண்டும் என்பதைப் பக்கத்துச் செல்கள்தான் சொல்கின்றன. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தக்காளி நுனியின் மையச் செல்களை லேசரால் எரித்துப் பார்த்தார்கள். நுனி சாகவில்லை. ஓரத்தில் இருந்த செல்கள், இலையாகப் போக வேண்டியவை, வுஷெலை உண்டாக்கிப் புது மையமாகிவிட்டன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இந்தப் பேச்சு தடுமாறினால் என்ன ஆகும்? அதையும் தக்காளியிலேயே பார்க்கலாம். காட்டுத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால், விதைகள் இருக்கும் அறைகள் இரண்டே. பெரிய சதைப்பற்றுத் தக்காளியில் எட்டுக்கு மேல்கூட இருக்கும். வுஷெல், கிளாவட்டா-3 மரபணுக்களையொட்டி நேர்ந்த மாற்றங்கள்தான் காரணம்: பூமொட்டின் நுனி அகலமானது, அறைகள் கூடின, பழம் பெருத்தது. அடுத்த தடவை தக்காளி நறுக்கும்போது குறுக்கே வெட்டி அறைகளை எண்ணுங்கள். எந்த ரகம், எத்தனை அறை என்று கீழே எழுதுங்கள், நான் படிக்கிறேன்.