தமிழ் எழுத்து உடையாமல் ஸ்லைடை அசைய வைப்போம்

எல்லாருக்கும் வணக்கம். பிரவுசரில் ஓடும் ஸ்லைடுகளில் தமிழை எப்படி அசைய வைப்பது என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். வாங்க, திரையிலேயே செய்து பார்ப்போம்.

நான் ரிவீல் ஜேஎஸ் பயன்படுத்துகிறேன். ஹக்கீம் எல் ஹத்தாப் எழுதிய, பிரவுசரில் ஸ்லைடு காட்டும் ஓப்பன் சோர்ஸ் கருவி, காசு கிடையாது. வலைப்பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியில் ஒவ்வொரு ஸ்லைடும் ஒரு செக்‌ஷன் டேக், அவ்வளவுதான்.

இப்போது பாருங்கள். முதல் ஸ்லைடில் மூன்று பெட்டி: 7, 3, 5. அடுத்த ஸ்லைடில் அதே பெட்டிகள், 3, 7, 5 என்று இடம் மாறி. இரண்டு செக்‌ஷனிலும் டேட்டா-ஆட்டோ-அனிமேட் என்று எழுதியிருக்கிறேன். அம்புக்குறியை அழுத்துகிறேன்... 7 வலப்பக்கம் நகர்கிறது, 3 இந்தப் பக்கம் வருகிறது. தொடக்கமும் முடிவும்தான் நான் சொன்னேன், நடுவில் உள்ள பயணம் ரிவீலின் வேலை. வரிசைப்படுத்தலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிடத் தெளிவான வழி எனக்குத் தெரியவில்லை. ஒரே எண் இரண்டு பெட்டியில் வந்தால் மட்டும் எது எங்கே போகிறது என்று குழம்பும். அப்போது ஒவ்வொன்றுக்கும் டேட்டா-ஐடி என்று ஒரு அடையாளப் பெயர் கொடுத்துவிடுங்கள். நேரம் சொல்லாமல் விட்டால் 1 விநாடி எடுக்கும். வகுப்பறைக்கு அது மெதுவு, நான் 0.6 வைப்பேன்.

சரி, இனிதான் முக்கியமான விஷயம். தலைப்பு எழுத்து எழுத்தாக வந்து விழ வேண்டும். இணையத்தில் கிடைக்கும் பல உதாரணங்கள் ஜாவாஸ்கிரிப்டின் ஸ்ப்ளிட் என்ற கட்டளையைப் போட்டு எழுத்துகளைப் பிரிக்கின்றன. ஆங்கிலத்துக்குச் சரிவரும். 'தமிழ்' என்று கொடுத்து பிரவுசரின் கன்சோலில், அதாவது கட்டளையின் விடையைக் காட்டும் பலகத்தில் பார்க்கிறேன்: 5 துண்டு! நமக்கு த, மி, ழ் என்று மூன்றுதானே? கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் யுனிகோடில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள், அதனால் அவையும் தனியாகக் கழன்று வந்துவிட்டன. அவற்றைத் தனித்தனி ஸ்பேன் டேக்கில் போட்டு, நகர்வதற்காக இன்லைன்-பிளாக் (வரிக்குள்ளேயே நிற்கும் தனிப் பெட்டி) ஆக்கினால் இதோ, ம தனியாக நிற்கிறது, பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டத்தோடு இகரக் குறி. அரங்கத்தின் பெரிய திரையில் நம் எழுத்து இப்படிச் சிதைந்து தெரிந்தால் மனசு தாங்காது.

இதற்கு பிரவுசரிலேயே மருந்து இருக்கிறது: இன்டல்.செக்மென்டர். கிராஃபீம், அதாவது கண்ணுக்கு ஒரே எழுத்தாகத் தெரியும் அளவில் பிரிக்கச் சொன்னால் மூன்றே துண்டு, த, மி, ழ். குரோம், சஃபாரி இரண்டிலும் சில வருடங்களாகவே இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 2024-இல் 125-ஆம் பதிப்பில் வந்தது. ஒரு இடத்தில் மட்டும் கவனம். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் இது புள்ளியில் வெட்டிவிடும். 'லக்ஷ்மி' என்று பெயர் வந்தால் க் ஒரு பக்கம், ஷ் ஒரு பக்கம். பிரித்த பிறகு அந்த இரண்டு துண்டையும் நானே சேர்த்துவிடுகிறேன், நாலு வரிதான்.

நீளமான வரி என்றால் எழுத்து வேண்டாம், சொல் சொல்லாக வரவிடுங்கள். கண்ணும் சொல்லாகத்தான் படிக்கிறது.

அப்புறம் எழுத்துரு. ஒரு கருத்தரங்கில் நெட் இல்லாமல் போய், இணையத்திலிருந்து வரவேண்டிய எழுத்துரு வரவே இல்லை; வேறொரு எழுத்துருவில் வரிகள் மடிந்து, கட்டத்தை விட்டு வெளியே ஓடின. அன்றிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ் கோப்பை ஸ்லைடு இருக்கும் ஃபோல்டரிலேயே போட்டு, அங்கிருந்தே அழைக்கிறேன்.

முழு புரோகிராம் கோடும் கீழே டிஸ்கிரிப்ஷனில் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு ஓட்டிப் பாருங்கள், எங்கேயாவது எழுத்து உடைந்தால் கமெண்டில் அந்தச் சொல்லை எழுதுங்கள், சேர்ந்து சரி செய்வோம்.